தண்ணீர் கேட்டால் கோழையா?

வில்லியனூர், பாகூர் பக்கம் அறுவடை முடிந்து வயல் காய்ந்தால் போதும்; பிள்ளைகள் பந்தோடு இறங்கிவிடுவார்கள். கால்பந்து, கபடி, கைப்பந்து என்று பொழுது போவதே தெரியாது. நல்லதுதான். விளையாட்டு உடலை வளர்க்கிறது. போலீசிலும் ரெயில்வேயிலும் வேலைக்கு வழி காட்டுகிறது. ஏழை வீட்டுக்கு அது பெரிய நம்பிக்கை.

அந்த நம்பிக்கையே சில நேரம் ஆபத்தாகிறது. "தண்ணீர் கேட்பவன் வீரனா? வலித்தால் வீட்டுக்குப் போ!" என்று அதட்டும் பயிற்சியாளர்கள் உண்டு. அணியில் இடம் போய்விடுமே என்று பிள்ளைகளும் வாய் திறப்பதில்லை.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். மேரிலாந்து பல்கலைக்கழக மாணவர் ஜோர்டன் மெக்நேர். வயது 19. அந்த நாட்டுக் கால்பந்து அணியில் இருந்தார். பந்தைக் கையில் பிடித்து ஓடி, மோதி ஆடும் ஆட்டம் அது. 2018 மே 29-ந் தேதி பயிற்சியில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். அவர் தளர்ந்து போனார். ஆம்புலன்சை அழைக்கச் சுமார் ஒரு மணி நேரம் ஆயிற்று. குளிர்ந்த நீரில் அவரை இறக்கவே இல்லை. ஜூன் 13-ந் தேதி இறந்துவிட்டார். பல்கலைக்கழகம் பொறுப்பை ஏற்றது. அக்டோபர் 31-ந் தேதி தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். போன உயிர் திரும்பவில்லை.

பக்கத்துக் கடலூர் மாவட்டத்தை நாம் மறக்க முடியுமா? 2022 ஜூலையில், பண்ருட்டி அருகே ஒரு கபடிப் போட்டியில், கல்லூரி மாணவர் ஒருவர் களத்திலேயே சுருண்டு விழுந்து உயிரிழந்தார். விபத்துதான். ஆனாலும் களத்தின் ஓரத்தில் முதலுதவி தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும் என்பதை அது சொல்லாமல் சொல்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

வெயிலில் ஓடுபவன் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை கை கட்டி நிற்காதீர்கள். கழுத்துவரை குளிர்ந்த நீரில் இறக்கி, தலையை மேலே தாங்கிப் பிடியுங்கள். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். பம்புசெட்டுத் தொட்டிக்கு நம் ஊரில் பஞ்சமா? அரை மணிக்குள் உடல் சூடு குறைந்தால் பிழைக்க வழி உண்டு. நினைவு தப்பியவன் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். மூச்சு நின்றுவிட்டால், தரையில் கிடத்தி, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். பயிற்சியாளர் ஒவ்வொருவரும் இதைக் கற்றிருக்க வேண்டும்.

சம்பளம் இல்லாமல் விடியற்காலையில் வந்து பிள்ளைகளைப் பழக்கும் நல்லவர்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை. கண்டிப்பு வேறு, கொடுமை வேறு என்றுதான் சொல்கிறோம். உச்சி வெயிலில் பயிற்சி வேண்டாம். தாகத்துக்குத் தடை வேண்டாம்.

பெற்றோர்களே! "இன்று எத்தனை கோல்?" என்று கேட்பதோடு, "தண்ணீர் குடிக்க விட்டார்களா?" என்றும் கேளுங்கள்.

போட்டி நடத்துபவர்களே! முதல் பரிசு எவ்வளவு என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறீர்கள். முதலுதவிக்கு யார் என்பதையும் இனி அதில் அச்சடியுங்கள்!