ஏலம் கூடும், ஏற்றிவிடுவது கூடாது



நம் புதுக்கோட்டை மாவட்டத்து இளைஞர்கள் சிலர், இஷா தொழுகைக்குப் பின் கைப்பேசியைச் சூழ்ந்து அமர்ந்து பழைய கைக்கடிகாரங்களின் நேரலை ஏலத்தில் மூழ்குவதை அண்மைக்காலமாகக் காண்கிறோம். எச்எம்டி ஜனதா, சீகோ, ஃபேவர் லூபா என ஒவ்வொன்றாகத் திரையில் வர, விலை ஐந்நூறு ஐந்நூறாக ஏறுகிறது.

அவர்களுள் ஒரு மாணவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், சவூதியிலிருந்து அத்தா கட்டி வந்த சீகோவை ஏலத்தில் விடப்போகிறேன். கூட்டாளி ஒருவன் வேறு பெயரில் கேட்டு விலையை ஏற்றிவிடுவதாகச் சொல்கிறான். கூடுமா?" என்று கேட்டார்.

ஏலமே ஹராம் என்று சொல்லிவிடுவோர் நம்மிடையே உண்டு. அது சரியன்று. வறுமையில் வாடிய அன்சாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் குவளையையும் அண்ணல் நபி (ஸல்) அவர்களே ஏலம் விட்டதை அனஸ் (ரலி) வழியாக அபூதாவூத் பதிவு செய்கிறது. ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார். கூடுதலாகத் தருபவர் உண்டா என நபியவர்கள் வினவ, மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்தார். அந்தப் பணத்தில் ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்காயிற்று, மற்றது கோடரிக்காயிற்று. அந்தச் சபையில் பொருளும் கேட்டவர்களும் கண்முன் இருந்தனர். கேட்டவர் வாங்கவே கேட்டார்.

அதே நபியவர்கள் 'நஜ்ஷ்' எனும் செயலைத் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிப்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. வாங்கும் எண்ணமின்றி, பிறரை ஏமாற்ற விலையை ஏற்றிவிடுவதே நஜ்ஷ். அவ்வாறு நடந்த வியாபாரத்தை வாங்கியவர் முறிக்கலாமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. செய்தவர் பாவி என்பதில் வேறுபாடு இல்லை.

"உலகமெங்கும் நடப்பதுதானே!" என்று சிலர் வாதிடுகின்றனர். ஆம், நடக்கிறது. விற்பவர் இரகசியமாக வைத்த அடிவிலையை எட்டும்வரை அவர் சார்பில் ஏலதாரரே விலை கேட்கலாம் என்று மேலைநாட்டுப் பெரிய ஏல நிறுவனங்கள் தம் விதிகளிலேயே அச்சிட்டிருக்கின்றன. அச்சிட்டதால் அது நமக்கு ஹலால் ஆகிவிடாது.

அந்தச் சந்தையின் இலட்சணத்தையும் பாருங்கள். 2021-இல் ஜெனீவாவில் பழைய ஒமேகா கைக்கடிகாரம் ஒன்று 31 இலட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போனது. அன்றைய மதிப்பில் நம் கணக்கில் ஏறத்தாழ 25 கோடி ரூபாய். வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகமே! பல கடிகாரங்களின் பாகங்களைக் கோத்துச் செய்தது அது என்றும், தம் முன்னாள் ஊழியர் மூவருக்கு அதில் பங்கிருந்தது என்றும் 2023-இல் அந்நிறுவனமே அறிவித்தது. செய்தவனே தன் சரக்கில் ஏமாந்தான் என்றால், மீமிசலிலும் அறந்தாங்கியிலும் அமர்ந்து உள்ளங்கை அளவுப் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பும் நம் பிள்ளைகளின் நிலை என்ன? முகப்புக்குப் புதுவர்ணம் பூசிப் 'பழைய அசல்' என விற்பது, நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்த வியாபாரியின் செயலே. அவரை நபியவர்கள் கண்டித்த வரலாற்றை அறியாதவர் யார்?

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கரைகளில் நடக்கும் மீன் ஏலத்தைப் பாருங்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தே விலை கேட்கின்றனர். மீனுக்குக் காட்டும் எச்சரிக்கையைக் கடிகாரத்துக்குக் காட்ட வேண்டாமா?

இளைஞர்களை மட்டும் குறை கூறி நாம் தப்பிக்க இயலாது. சில ஊர்ப் பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குப் பின் நேர்ச்சைச் சேவலும் தேங்காயும் ஏலம் விடப்படுகின்றன. "பள்ளிக்குத்தானே" என்று, வாங்கும் எண்ணமில்லாத ஒருவரை விலையேற்றச் சொல்வதும் நஜ்ஷ்தான். அல்லாஹ்வின் இல்லத்துக்குப் பொய்யால் ஈட்டிய காசு தேவையில்லை. ஜமாஅத் நிர்வாகிகள் இதை இன்றே நிறுத்த வேண்டும்.

ஏற்கெனவே ஏற்றிவிட்டவர்கள் தவ்பாச் செய்வதோடு, வாங்கியவரிடம் உண்மையைச் சொல்லி, கூடுதலாகப் பெற்றதைத் திருப்பிக் கொடுக்கட்டும். வாங்க நினைப்பவர்கள் பொருளை நேரில் கண்டு, தம் வசதிக்கேற்ற வரம்பை முன்பே தீர்மானித்துக் கேட்கட்டும்; போட்டி வெறியில் வீண்விரயத்தில் விழ வேண்டாம். தங்கத்தாலான கடிகாரத்தை ஆண்கள் அணியலாகாது என்பதையும் மறவாதீர்கள்.

அந்த மாணவர் கூட்டாளியை விலக்கிவிட்டு, கண்ணாடியிலிருந்த கீறலையும் சொல்லியே விற்றார். எவ்வளவுக்குப் போனது என நாம் கேட்கவில்லை. அத்தாவின் உழைப்பில் வந்த கடிகாரம் பொய் கலவாமல் கைமாறியதே நமக்குப் போதுமாயிருந்தது.

நம் வியாபாரங்களை வல்ல அல்லாஹ் தூய்மையாக்கி, பரக்கத் செய்வானாக! ஆமீன்.