காலிலும் ஓடுவது அதே இரத்தந்தான்

 

2017 பிப்ரவரி 13 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசாத உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய். மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். அதற்கு முன்னர் மருந்து பூசிய ஸ்டென்ட் இலட்சத்தைத் தாண்டியும் விற்கப்பட்டது. மருத்துவமனை மட்டத்தில் 654 சதவீதம் வரை இலாபம் வைக்கப்பட்டதை ஆணையமே வெளியிட்டது. ஆணை வரவேற்கப்பட்டது, வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த வரவேற்பின் ஆரவாரத்தில் பலரும் கடந்து சென்ற சொல் ஒன்று உண்டு: 'கரோனரி'. இதயத் தமனிக்கு மட்டும் என்பது அதன் பொருள். வயிற்றிலும் இடுப்பிலும் தொடையிலும் நோயுறும் தமனிகள் அச்சொல்லுக்கு வெளியே நிற்கின்றன.

அந்த வெளியில்தான் உறையிட்ட ஸ்டென்டுகள் இருக்கின்றன. சாதாரண ஸ்டென்ட் ஒரு கம்பிவலைக் குழாய். அதன் கண்ணிகளின் வழியே திசு மீண்டும் உள்வளர்ந்து பாதையை அடைக்கலாம். அந்த வலையின்மேல் டெஃப்லான் இனத்தைச் சேர்ந்த மெல்லிய சவ்வைப் போர்த்தினால் அது உறையிட்ட ஸ்டென்ட். திசு உள்வளர்வதை அது தடுக்கும். சுண்ணாம்பேறிய தமனி பலூனின் அழுத்தத்தில் கிழிந்தால் கிழிசலை உள்ளிருந்தே மூடும். இதே கருத்தின் பெருவடிவத்தைத்தான் 1987இல் கார்கிவ் நகரில் வோலோதோஸும், 1990இல் புவெனஸ் அயர்ஸில் பரோடியும் மகாதமனிக்குப் பயன்படுத்தினார்கள்.

இப்பொருளைப் போற்றிப் பாடுவது என் நோக்கமன்று. சான்றுகள் ஒருபக்கமாக இல்லை. ஆஸ்திரேலியாவில் 125 நோயாளிகளின் 168 இடுப்புத் தமனிகளில் நடந்த கோபெஸ்ட் ஆய்வு, நீண்ட, சிக்கலான அடைப்புகளில் உறையிட்டதே நெடுநாள் திறந்திருக்கிறது என்றது. பின்னர் நெதர்லாந்தில் நடந்த டிஸ்கவர் ஆய்வோ, பொது இடுப்புத் தமனியில் ஈராண்டு முடிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. உறை கிளைத் தமனிகளின் வாயை மூடிவிடக்கூடும். குழாயின் இரு ஓரங்களிலும் மீண்டும் சுருக்கம் வரலாம். ஆகவே எல்லோருக்கும் இது என்பவர் விற்பனையாளர். யாருக்குமே இது வேண்டாம் என்பவர் கணக்காளர். யாருக்கு இது தேவை என்று கேட்பவரே மருத்துவர். விலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்த மூன்றாவது கேள்வி எழுவதேயில்லை என்பதே என் வழக்கு.

மூன்று மறுப்புகள் வழக்கமாக வரும்.

முதலாவது: 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டப்படி மருந்துகளே, ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலையேற்ற முடியாது, பிறகென்ன குறை? அந்த விதி ஏற்றத்தின் வேகத்தைத்தான் கட்டுகிறது. தொடக்க விலையைத் தொடுவதில்லை. மலை உச்சியில் நிற்பவனிடம் இனி மெதுவாக ஏறு என்று சொல்வது கட்டுப்பாடு ஆகாது.

இரண்டாவது: விலையைக் கட்டினால் நல்ல பொருள் நாட்டைவிட்டுப் போய்விடும். 2017க்குப் பின் சில பன்னாட்டு நிறுவனங்கள் தம் உயர்வகை ஸ்டென்டுகளைத் திரும்பப் பெற அனுமதி கோரியது உண்மை. அதனால் இந்தியாவில் இதயச் சிகிச்சை நின்றுபோகவில்லை.

மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. பேச்சில் மட்டும் வரும்: பீடி குடித்தான், கால் போனது. இதய நோயாளியும் புகைத்திருக்கலாம். அவருக்கும் நீரிழிவும் கொழுப்பும் உண்டு. நோய் ஒன்று, காரணங்கள் ஒன்று. மார்பைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு இரக்கமும், காலைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு உபதேசமும் எந்த அறத்தில் சேரும்?

நான் இதை எழுதும் பிரேசர் டவுன், 1898இல் வந்த கொள்ளைநோய்க்குப் பின் கண்டோன்மென்டின் நெருக்கடியைக் குறைப்பதற்காகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட பகுதி. நோயைத் தனிமனிதரின் தலைவிதியாகக் கருதாமல் நகரத்தின் பொறுப்பாகக் கருதியதால் பிறந்த தெருக்கள் இவை. இன்று இதே தெருக்களில் இதயநோய் என்றால் ஆட்டோ ஓட்டுநரே 'ஜெயதேவாவுக்குப் போங்கள்' என்று வழி சொல்வார். நூறு அடி நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விடுகிறது என்று சொல்லிப் பாருங்கள். தைலமும் வாயு மாத்திரையும் கிடைக்கும். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டால் போதும், விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் தமனி நோய் என்று கொள்ளலாம். அழுத்தக் கருவியும் கையடக்க டாப்ளரும் இருந்தால் சில நிமிட வேலை. அது நடக்காமல் விரல் கறுத்த பிறகு மருத்துவமனைக்கு வரும் குடும்பத்துக்கு, ஸ்டென்டின் விலையைக் கேட்டதும் காலை எடுப்பதே மலிவான சிகிச்சையாகத் தோன்றுகிறது. அந்த மலிவு மருத்துவமனை ரசீதில் மட்டுமே. மூட்டை தூக்கியவரும் ஆட்டோ ஓட்டியவரும் வீட்டில் முடங்கும்போது மீதித் தொகையைக் குடும்பம் ஆயுள் முழுதும் கட்டுகிறது.

நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதிக்கத் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் சரியான திசையில் ஓர் அடி. ஆனால் நோயைக் கண்டுபிடித்துவிட்டு, சிகிச்சைப் பொருளின் விலையைச் சந்தையிடம் விட்டுவிட்டால் அது பாதிப் பாதுகாப்பே.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. கால், இடுப்புத் தமனிகளுக்கான ஸ்டென்டுகளை, உறையிட்டவை உட்பட, அத்தியாவசியப் பட்டியலுக்குப் பரிசீலிக்க வேண்டும். ஸ்டென்டுக்கு மட்டும் வரம்பு வைத்தால் இலாபம் பலூனுக்கும் கதீட்டருக்கும் குடிபெயரும். எனவே சிகிச்சையின் முழுத்தொகையும் பொருள்வாரியாக வெளியிடப்பட வேண்டும். பொருத்தப்படும் ஒவ்வோர் உறையிட்ட ஸ்டென்டும் எந்த அடைப்புக்காக, என்ன பயனோடு என்பது பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆஸ்திரேலியக் காலையும் டச்சுக் காலையும் பார்த்து நம் காலுக்கு முடிவெடுக்கும் நிலை அப்போதுதான் மாறும்.

மாணவர்களே, இதய ஸ்டென்டின் விலை பற்றி ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. அடுத்த தலைப்பைத் தேடும்போது இடுப்புக்குக் கீழேயும் பாருங்கள். அங்கே எண்கள் இல்லை. எண்கள் இல்லாத இடத்தில் ஆணைகளும் வருவதில்லை.