பாட்டுக்குள் ஒரு ரகசிய முத்திரை!

குட்டீஸ்... நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்க. வெள்ளைப் பகுதியில் காந்தி தாத்தா மெல்லத் தெரிவார். அதுதான், 'வாட்டர்மார்க்!' பாட்டுக்கும் இப்படி உண்டு. காதுக்குப் பிடிபடாத மிகச்சிறு மாற்றங்களை ஒலியில் செய்து, ஒரு ரகசிய எண்ணை ஒளித்து விடுவர். கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து விடும்.

இசைத் திருட்டை ஒழிக்க, எஸ்.டி.எம்.ஐ., என்ற கூட்டமைப்பு இதைத்தான் நம்பியது. 'எங்கள் முத்திரையை நீக்குங்கள் பார்க்கலாம்; பரிசு உண்டு' என, 2000 செப்டம்பரில் சவால் விட்டது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக பேராசிரியர் எட்வர்ட் பெல்டன் குழுவினர், நான்கு முத்திரைகளையும் வீழ்த்தி விட்டதாக அறிவித்தனர். ரகசியம் காக்கச் சொன்னதால், பரிசே வேண்டாம் என்றனர். பாராட்டு கிடைத்ததா? 2001ல், ஆராய்ச்சியை வெளியிட்டால் வழக்கு வரலாம் என்று கடிதம் வந்தது! சரியான விடை சொன்ன மாணவனை பெஞ்ச் மேல் ஏற்றியது போல. அந்த ஆகஸ்டில் கட்டுரை எப்படியோ வெளியாகி விட்டது.

பாடியவர், தபேலா வாசித்தவர் எல்லாருக்கும் காசு போய்ச் சேரணும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால், முத்திரையைப் பூட்டாக்கி, 'இந்த பிளேயரில் ஓடாதே' என்று தடுத்தால், காசு கொடுத்து வாங்கியவர்தான் அவதிப்படுவார். திருடுபவர், அழித்து விட்டு போய்க் கொண்டே இருப்பார்.

என்னைக் கேட்டால், துப்பறிய மட்டும் இது போதும். வெளியாகும் முன் கொடுக்கும் ஒவ்வொரு காப்பியிலும் வேறு வேறு எண். பாட்டு கசிந்தால், யார் கையில் இருந்த காப்பி என்பதை எண்ணே சொல்லி விடும்!