வளையல் போட்ட கையில் பி.பி. பார்த்தது யார்?



சமுதாய வளைகாப்பு நடக்கிறது. அமைச்சர் வளையல் போடுகிறார், கேமரா மின்னுகிறது, ஐந்து வகை கலவை சாதம் பரிமாறுகிறார்கள். நல்லது, நடக்கட்டும். ஒரே ஒரு கேள்வி: அதே கையில் இந்த மாதம் பி.பி. பார்த்தது யார்?

கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பிறகு தலைகாட்டும். 140/90-ஐத் தொட்டால் எச்சரிக்கை. 160/110 என்றால் உடனடி சிகிச்சை. கவனிக்காமல் விட்டால் தாய்க்கு வலிப்பு, மூளையில் ரத்தக்கசிவு. பிள்ளைக்கு நஞ்சுக்கொடி வழியாகப் போகும் ரத்தம் குறையும். எடை ஏறாது, குறைமாதத்தில் பிறக்கும், சில நேரம் வயிற்றிலேயே இறக்கும். முதல் பிரசவத்தில்தான் இந்த ஆபத்து அதிகம்.

நம் ஊரில் முதல் பிரசவம் எங்கே? தாய் வீட்டில்! வளைகாப்பு முடிந்ததும் பெண் ஊர் மாறுகிறாள். இத்தனை மாதம் பார்த்த செவிலியர் இங்கே. அவளைப் பார்த்தே இராத செவிலியர் அங்கே. ஆபத்து கூடுகிற அதே வாரங்களில் கண்காணிப்பு அறுந்து போகும் நிலை. "பிக்மி நம்பர் இருக்கே" என்பார்கள். நம்பர் கம்ப்யூட்டர்ல இருக்கு சார், பி.பி. பார்க்க ஆள் வரணும்ல?

"தேசிய சராசரியை விட நாம் மேல்" என்று மார்தட்டுவார்கள். 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் மரணம், தமிழ்நாட்டில் 54. சரி. பக்கத்து கேரளாவில் 19! இங்கே 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவம் மருத்துவமனையில்தான். பெண்கள் வாசல் வரை வந்துவிட்டார்கள். இனியும் "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று பழியை அவர்கள் தலையில் போட முடியாது.

மருந்து இல்லையா? இருக்கு. மக்னீசியம் சல்பேட் வலிப்பு அபாயத்தைப் பாதியாகக் குறைக்கும் என்று 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு 2002-லேயே காட்டிவிட்டது. விலையும் மலிவுதான். ஆனால் பி.பி. பார்த்தால்தானே மருந்து போட முடியும்?

அரசே,

▪️ காலியாக உள்ள கிராம சுகாதார செவிலியர் பணியிடங்களை நிரப்பு!
▪️ தாய் வீடு போகும் ஒவ்வொரு கர்ப்பிணியையும் அந்த ஊர் செவிலியரிடம் போனில் பேசி ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கு!
▪️ எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பழுதில்லாத பி.பி. கருவி, சிறுநீரில் புரதம் பார்க்கும் வசதி, மக்னீசியம் சல்பேட் இருப்பை உறுதி செய்!
▪️ பிரசவமான முதல் வாரத்திலேயே வீடு தேடிப் போய் பி.பி. பார்! பிள்ளை பிறந்த பிறகும் வலிப்பு வரும்.
▪️ தாய்மார் மரணங்களை மாவட்டவாரியாக, காரணத்தோடு வெளியிடு!

அம்மாக்களே, மாமியார்களே! விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, திடீரென முகம், கை வீக்கம் என்று பிள்ளைத்தாய்ச்சி சொன்னால், "நீர் கோத்துக்கிச்சு, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொல்லி உட்கார வைக்காதீங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க. ஆஸ்பத்திரியில் "பி.பி. எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேளுங்க. அது உங்க உரிமை.

வளையல் போட்ட கை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும்!

#தாயும்_சேயும்_வீடு_திரும்பட்டும்