வெறும் கூச்சலா?

சென்ற பொங்கல் விழாவின் நிகழ்ச்சி நிரலை முடிவு செய்யக் கூடிய கூட்டத்தில் நானும் இருந்தேன். பறையையும் மின்கிடாரையும் சேர்த்து வாசிக்கப் பத்து நிமிடம் கேட்டேன். “அது இசையா? வெறும் கூச்சல்!” என்றார் ஒருவர். அவரோடு வாதாடினேன். அப்போது வேறொருவர், குரலைத் தாழ்த்தி, “மங்கல நாளில் சாவு மேளம் எதற்குத் தம்பி?” என்றார். வாயடைத்துப் போனேன். விழாவில் ஒலிபெருக்கி வழியே சினிமாப் பாட்டு முழங்கியது, எல்லோரும் மகிழ்ந்தோம். அன்று பேசாமல் விழுங்கியதை இன்று எழுதுகிறேன்.

முதலில் அந்தக் ‘கூச்சல்’ பற்றி. மெட்டல் என்றதும் பாத்திரக் கடையை எண்ணிக்கொள்ள வேண்டாம். மின்கிடாரை உறுமவிட்டு, முரசுகளை இடியென முழக்கி, அடிவயிற்றிலிருந்து பாடும் மேனாட்டு இசை அது. அதனோடு தத்தம் நாட்டுப்புற இசையைக் கலந்தவர்கள் உண்டு. 1990-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் தோன்றிய ஸ்கைக்ளாட் குழு பிடிலைக் கொண்டுவந்து சேர்த்தது. 1997-இல் பின்லாந்தில் தோன்றிய பின்ட்ரோல் குழுவோ, தன் நாட்டு ஹும்பா ஆட்ட இசையைச் சேர்த்தது. பாடியது அங்கே சிறுபான்மையினர் பேசும் சுவீடிஷ் மொழியில்! உலகச் சந்தைக்கு ஆங்கிலம்தான் வேண்டும் என்று நமக்கு ஓயாமல் உபதேசிப்பவர்கள் இதைச் சற்றே கவனிக்கட்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நாம் படிக்க வந்திருக்கும் இந்தத் தில்லியிலேயே ஒரு குழு இருக்கிறது. பெயர் பிளடிவுட். பம்பாய்த் திரையுலகின் செல்லப் பெயரைத் திருகிச் செய்த பெயர். 2016-ஆம் ஆண்டு கரன் கட்டியார், ஜயந்த் பாதுலா என்னும் இரு இளைஞர்கள் தொடங்கியது. கட்டியார் வழக்கறிஞர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். கிடாரும் அவரே, குழலும் அவரே, ஒலிப்பதிவும் அவரே. பாதுலா பாடகர்.

தொடக்கத்தில் இவர்கள் செய்தது என்ன தெரியுமா? கேலி! ஊரெல்லாம் முணுமுணுக்கும் பாட்டுகளை எடுத்து, அவற்றுக்கு மெட்டல் வேடம் கட்டி, யூட்யூபில் ஏற்றினார்கள். 2017-இல் அப்படிப்பட்ட பாட்டுகளைத் தொகுத்து ஒரு தொகுதியே வெளியிட்டார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கத்தானே செய்தார்கள்! இந்தக் காலத்தை, வளர்ந்த பிள்ளையின் மொட்டைத்தலைப் படம்போல, பலர் மறைக்கப் பார்ப்பார்கள். எனக்கோ இதுதான் மிகவும் பிடித்த கட்டம். எவரும் மதிக்காத வேளையில், தவறு செய்யப் பயமில்லாத வேளையில், கை பழகுகிறது. டோல் எங்கே விழ வேண்டும், குழல் எங்கே எழ வேண்டும் என்பதெல்லாம் விளையாட்டாய்ச் செய்து பார்த்தால்தான் பிடிபடும். நம் விழாக்களில் முதல் ஒத்திகையிலேயே குற்றமற்ற கலைஞனைத் தேடுகிறோம். கிடைக்காதபோது ஒலிபெருக்கியை நாடுகிறோம்.

2018-இல் ராவுல் கெர் என்னும் ராப் பாடகர் இவர்களோடு சேர்ந்தார். அதே ஆண்டில் வந்தது ‘ஜீ வீரே’ என்னும் சொந்தப் பாட்டு. மனச்சோர்வில் உழல்பவனை நோக்கி, ‘வாழ்’ என்று சொல்லும் பாட்டு அது. கேலிக்காரர்களிடமிருந்து இதை யார் எதிர்பார்த்தார்கள்? தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் விடுதியின் மூன்றாம் மாடியில் இதைத் தனியே கேட்டிருக்கிறேன். பஞ்சாபியும் இந்தியும் எனக்கு அரைகுறை. எனினும் அந்த டோல் ஒலி மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.

2019-இல் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம். ஜெர்மனியின் வாக்கன் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் நடக்கும் மாபெரும் மெட்டல் திருவிழாவிலும் மேடையேறினார்கள். 2022 பிப்ரவரியில் ‘ரக்‌ஷக்’ என்னும் தொகுதி வந்தது. அதற்குப் பிந்திய புகழைப் பலரும் அறிவார்கள். நான் சொல்ல வந்தது அதுவன்று. ‘வெள்ளைக்காரன் கைதட்டினான், ஆகவே நல்ல இசை’ என்று வாதிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இவர்களுடைய எல்லாப் பாட்டும் எனக்கு உவப்பானவையும் அல்ல. ஆங்கிலத்தில் வரும் சில பகுதிகள் மேடைப் பிரசங்கம்போலத் தொனிக்கின்றன. ஆனால் ஊர்த் தெருவில் முழங்கிய ஒரு மேளத்தை, அருங்காட்சியகத்துப் பொருளாக்காமல், ஊறுகாயாகவும் தொட்டுக்கொள்ளாமல், பாட்டின் முதுகெலும்பாகவே வைத்தார்கள். அதைத்தான் மெச்சுகிறேன்.

இங்கே ஒரு கேள்வி எழும். “அவர்கள் டோலைச் சேர்த்ததுபோல நாமும் பறையைச் சேர்த்தால் போயிற்று, இதில் என்ன பெரிய சிக்கல்?” என்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், அந்தக் கூட்டம் வரையில். டோல் வடநாட்டுக் கலியாண ஊர்வலத்தின் மேளம். அது முழங்கினால் மாப்பிள்ளை வருகிறார் என்று பொருள். பறையை நாம் என்ன செய்து வைத்திருந்தோம்? ஒரு சாதியின் தலையில் கட்டி, சாவு வீட்டு வாசலில் நிறுத்தினோம். ஆக, தில்லிக் குழுவுக்கு ஒரு வேலைதான்: கிடாரோடு மேளத்தை இணைப்பது. நமக்கு அதற்கு முன்னதாகவே வேறொரு வேலை காத்திருக்கிறது. ‘கூச்சல்’ என்ற சொல் உண்மையில் கிடாரைக் குறித்ததுதானா என்று இப்போது எனக்கு ஐயமாயிருக்கிறது.

அந்த வேலையைத் தொடங்கியவர்கள் இல்லாமல் இல்லை. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை ஏந்தி ஆண்டுகள் பலவாகின்றன. தில்லி இளைஞர்கள் கேலிப் பாட்டிலிருந்து சொந்தப் பாட்டுக்கு வந்த அதே 2018-இல், ஜனவரியில், சென்னை மேடையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் ராக்கையும் ராப்பையும் பறையையும் ஒன்றாய் முழக்கியது. அது மெட்டல் அன்று. ஆனால் ‘மங்கல நாள்’ என்று முணுமுணுத்தவருக்கு நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய விடை அது. சொல்லவில்லை. அவர் மூத்தவர், என்மேல் அன்புள்ளவர், தில்லிக்கு நான் வந்திறங்கிய நாளில் புகைவண்டி நிலையத்துக்கே வந்து பெட்டி தூக்கியவர். அதனால்தான் சொல்ல முடியவில்லை. அதனால்தான் சொல்லியிருக்கவும் வேண்டும்.

இவ்வாண்டு நிகழ்ச்சி நிரலுக்கு என் விண்ணப்பத்தை எழுத்திலேயே கொடுத்துவிட்டேன். கிடாருக்கு ஆள் உண்டு; பீகார்க்காரன், தமிழில் ‘சாப்பிட்டியா’ மட்டும் தெரியும், தாளம் நன்றாகத் தெரியும். பறை என் அறை நண்பனுடையது, பரண்மேல் இருக்கிறது. தில்லித் தைக் குளிரில் தோல் தொய்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சினால்தான் பேசும். மேடைக்குப் பின்னால் சுள்ளி கொளுத்த விடுதிக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தில் இரண்டாவது கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். நாளை மாலை அதை எடுத்துக்கொண்டு அந்த அண்ணனின் அறைக்குத்தான் போகிறேன்.