கடைசி அரணையைக் கொன்றது யார்?

2014 மே 31-ந் தேதி கிறிஸ்துமஸ் தீவில் ஒரு கூண்டுக்குள் அரணை ஒன்று செத்தது. 'கம்ப்' என்று அதற்குப் பெயர். அந்தக் காட்டு அரணை இனத்தில் உலகத்திலேயே அதுதான் கடைசி. 2017-ல் சர்வதேசப் பட்டியலில் 'அழிந்தது' என்று எழுதிக் கணக்கை முடித்தார்கள்.

கூலிக்கும் அரிசிக்கும் போராடுகிற நாம், இந்து மகாசமுத்திரத்தில் எங்கோ செத்த அரணைக்காக அழுவானேன் என்று சில தோழர்கள் கேட்கலாம். தீவின் கதையைக் கேளுங்கள்.

1888-ல் பிரிட்டிஷார் அந்தத் தீவைப் பிடித்தது காட்டின் அழகுக்காக அல்ல, பாஸ்பேட்டுக்காக! சீனக் கூலிகளையும் மலாய்க் கூலிகளையும் கொண்டுவந்து வெட்டினார்கள். 1958-ல் தீவு ஆஸ்திரேலியாவின் கைக்கு மாறியது. 135 சதுர கிலோமீட்டர் தீவு. காட்டில் சுமார் கால் பங்கு சுரங்கத்துக்குப் போயிற்று. லாபம் கப்பலேறிப் போயிற்று. வந்த கப்பல்களோ கண்டதையும் இறக்கிவிட்டன. மஞ்சள் எறும்பு வந்தது. 1987-ல் ஓநாய்ப் பாம்பு தென்பட்டது. 1979-ல் சர்வசாதாரணமாகத் திரிந்த அரணை அதன்பின் தேய்ந்தது. பாம்பே முக்கியக் காரணம் என்பது விஞ்ஞானிகளின் அபிப்பிராயம். இருக்கட்டும், அந்தப் பாம்பு கடலை நீந்தியா வந்தது?

இதற்குச் சுரங்கத் தொழிலாளி மீது பழி போடுவோரும் உண்டு. 1987-ல் சர்க்கார் சுரங்கத்தை மூடி அவர்களை வீதியில் விட்டது. 1990-ல் அவர்களே கம்பெனி அமைத்துத் திறந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காகத் திறந்தவனா குற்றவாளி? துறைமுகத்தில் சரக்கைச் சோதிக்க வேண்டியது யார்?

2009-ல் மூன்று அரணைகளைப் பிடித்தார்கள். மூன்றும் பெண்! 2010-க்குப் பிறகு காட்டில் அதைக் கண்டவரில்லை. ஆபத்திலுள்ள பிராணியென்று ஆஸ்திரேலியச் சட்டப் பட்டியலில் சேர்த்தது 2014 ஜனவரியில். ஐந்தே மாதத்தில் 'கம்ப்' செத்தது. அதே தீவின் சிறு வௌவாலைப் பிடித்துக் காக்க 2009 ஜனவரியில் விஞ்ஞானிகள் அனுமதி கேட்டார்கள், ஜூலையில் கிடைத்தது. ஆகஸ்டில் எஞ்சியிருந்தது ஒரே வௌவால். அதுவும் கையில் சிக்கவில்லை. அரணைக்கு மறதி என்பார்கள் நம் ஊரில். சர்க்காரின் மறதிக்கு முன் அரணை எம்மாத்திரம்!

முடியாத காரியமா என்றால், இல்லை. அங்குள்ள நீலவால் அரணையில் 66-ஐக் காலத்தில் பிடித்தார்கள். கூண்டில் அவை ஆயிரத்துக்கும் மேல் பெருகின. 2019-ல் கோக்கோஸ் தீவுக்கூட்டத்தின் ஒரு சிறு தீவில் 139-ஐ விட்டார்கள். சொந்தத் தீவின் காட்டில் விட வழியில்லை. அங்கே பாம்பு இருக்கிறது. அதை ஒழிக்கும் ஆராய்ச்சிக்கும் துறைமுகச் சோதனைக்கும் ஆகும் செலவை, நூறு வருஷத்துக்கும் மேலாகப் பாஸ்பேட்டில் சம்பாதித்தவர்களின் கணக்கிலிருந்தே எடுக்க வேண்டுமென்கிறோம்.