லாரி போகாத சந்துக்கு மொபெட்!

நாமக்கல் பக்கம் லாரிக்கா பஞ்சம்? ஆனா ராசிபுரத்துல எங்க அம்மாயி வீட்டுச் சந்துக்குள்ள ஒரு லாரிகூட நுழையாது பாஸ். மொபெட் மட்டும் சர்ருன்னு போயிடும்!

மூளையும் அப்படித்தான். கண்டதும் உள்ளே வராம இருக்க, அங்குள்ள நுண் ரத்தக்குழாய்களின் செல்கள் நெருக்கமா ஒட்டி சுவர் மாதிரி நிக்குது. விஷத்தைத் தடுக்குற அதே சுவர் மருந்தையும் தடுக்குது. ஆன்டிபாடி மருந்துன்னா பெரிய லாரி. ஆயிரத்துல ஒண்ணு, ரெண்டுதான் உள்ளே போகும்.

ஒட்டகத்தோட ரத்தத்துல வித்தியாசமான ஆன்டிபாடி இருக்குன்னு 1993-ல பெல்ஜியம் விஞ்ஞானிகள் அறிவிச்சாங்க. அதோட நுனியை மட்டும் தனியா எடுத்தா, அதுதான் நானோபாடி. எடை பத்துல ஒரு பங்கு!

சின்னதா இருந்தா மட்டும் போதாது. இரும்புச்சத்தைச் சுமந்து வர்ற ட்ரான்ஸ்ஃபெரின் புரதத்துக்குன்னே அந்தச் சுவர்ல ஒரு கேட் உண்டு. அந்த கேட்டைப் பிடிச்சுக்குற நானோபாடியோட மருந்தைக் கட்டி அனுப்புறாங்க. எலிகள்ல உள்ளே போயிருக்கு. மருந்துக்கடைக்கு இன்னும் வரலை.

அம்மாயிக்கு அல்சைமர். போறப்பல்லாம் 'யாரு கண்ணு நீ?'ன்னு கேக்குறாங்க. பேரைச் சொல்றேன். மொபெட் சீக்கிரம் வரட்டும்!